இரண்டு கொலனோஸ்கோபி செய்துகொண்டேன், ஒன்றுக்குத்தான் காசு தகும்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். கண்ணாடி வளையல்தான் முக்கிய வியாபாரம். ஒரு பெண் கையை நீட்டினால் போதும், தொட்டுப் பார்க்காமலே ரெண்டு நாலா, ரெண்டு ஆறா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் சொந்தக் கை ரெண்டு நாலிலிருந்து ரெண்டு எட்டுக்குப் போனதை ஏழு வருஷமாகப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசாகிறது, உடம்பு போடுகிறது என்று இருந்துவிட்டேன். மெட்டியை ஆசாரி வெட்டித்தான் எடுத்தார். செருப்பு ஆறாம் நம்பர் எட்டாம் நம்பர் ஆனது. என் குறட்டை தாங்காமல் வீட்டுக்காரர் கூடத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனார். சுகர் வந்தது, பி.பி. வந்தது, விரலெல்லாம் மரத்துப்போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு மாத்திரை. கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பல் டாக்டர். "கீழ்வரிசைப் பல் விலகியிருக்கு, தாடை முன்னாடி வந்திருக்கு. பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோ ஒண்ணு கொண்டு வாங்கம்மா" என்றார். 2021 மார்ச்சில் பெயர் தெரிந்தது: அக்ரோமெகலி. அந்த வருஷமே சென்னையில் மூக்கு வழியாக ஆபரேஷன்.

இங்கே எழுத வந்தது ஆபரேஷனைப் பற்றி இல்லை, அதற்கப்புறம் செய்துகொள்ள வேண்டிய கொலனோஸ்கோபி என்கிற புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றி. பின்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் அது. இதை நான் இரண்டு இடத்தில் செய்துகொண்டேன். பெயர் இரண்டையும் போடவில்லை. முதல் இடத்தில் வேலை பார்க்கிற நர்ஸ் பெண் ஒருத்தி என் கடைக்கு வருகிறவள், அவளுக்கு என்னால் சங்கடம் வரக்கூடாது. ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதையும் எங்கள் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி வந்து (அந்தக் கட்டி புற்றுநோய் இல்லை) வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் கொட்டுவதுதான் இந்த வியாதி. சின்ன வயசில் வந்தால் ஆள் பனைமரமாக வளர்வார். எலும்பின் முனைகள் மூடிய பிறகு வந்தால் உயரத்துக்கு வழியில்லை, கை, கால், தாடை, நாக்கு, உள்ளே இருக்கிற உறுப்புகள் எல்லாம் பெருக்கும். ஆபரேஷன் வார்டில் ஒரு ஆயா, "மல்யுத்தம் பண்ற காளிக்கு வந்த வியாதியாமே?" என்று கேட்டார். ஆமாம், கிரேட் காளிக்கும் பிட்யூட்டரியில் கட்டிதான், 2012இல் எடுத்தார்கள். அவர் ஏழடி, நான் ஐந்தடி இரண்டங்குலம். ஆயாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

இந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு சரக்கை உற்பத்தி செய்ய வைக்கிறது. செல்லைப் பெருகச் சொல்வதும், பழுதான செல்லைச் சாகவிடாமல் இழுத்துப் பிடிப்பதும் பெரும்பாலும் அதன் வேலை. பெருங்குடலின் உள்தோல் சில நாளுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற இடம். அங்கே இந்தத் தூண்டுதல் வருஷக்கணக்காக இருந்தால் பாலிப் என்கிற சின்னச் சின்ன மொட்டுகள் கிளம்பலாம். அதில் அடினோமா என்கிற வகை, விட்டுவைத்தால், பல வருஷம் கழித்துப் புற்றாக மாறக்கூடியது.

2023இல் தஞ்சாவூரில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் மாறினேன். முதல் நாளே அவர் கேட்டது, "கொலனோஸ்கோபி பண்ணியாச்சாம்மா?" இல்லை என்றேன். அதுவரை யாரும் சொல்லவில்லை. கட்டியைக் கண்டுபிடித்த கையோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்க ஹார்மோன் டாக்டர்கள் சங்கம் 2014இலேயே எழுதி வைத்திருக்கிறதாம். இங்கிலாந்தில் நாற்பது வயசிலிருந்து பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு அப்போது 46.

சரி என்று நானாகவே போனது முதல் இடம். வாசலில் பெரிய பேனர், 'முழு உடல் கேன்சர் பரிசோதனை பேக்கேஜ், ரூ.14,500'. ரத்தத்தில் கேன்சர் மார்க்கர்கள், மார்பக எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, கொலனோஸ்கோபி, காலை டிபன். ஒரே நாளில் எல்லாம். தீபாவளி காம்போ மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். வியாபாரியையே காம்போ போட்டு மடக்கிவிட்டார்கள்.

ரிசப்ஷனில் இருந்த பையன் படிவம் நிரப்பினான். "வேற ஏதாச்சும் பிரச்சினை இருக்காம்மா?" அக்ரோமெகலி என்றேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். "ஹார்மோன் பிராப்ளமா?" ஆமாம் என்றேன். 'தைராய்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டான். எனக்கு அப்போது சிரிப்பு வந்ததே தவிர, அந்த டிக் என்னவெல்லாம் செய்யும் என்று தெரியவில்லை.

குடலைச் சுத்தம் செய்ய ஒரு பாக்கெட் பவுடர் கொடுத்தார்கள். 2 லிட்டர் தண்ணீரில் கலக்கி விடியற்காலையில் குடிக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி கஞ்சி. அவ்வளவுதான் அறிவுரை. அதற்கும் முந்தின நாள் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல், நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. மயக்க ஊசி போடுகிறவரும் எடை எவ்வளவு என்று மட்டும் கேட்டார். முழித்தபோது தொண்டை புண்ணாக இருந்தது, நர்ஸ் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நாக்கு பின்னாடி விழுந்துடுச்சுக்கா, கொஞ்ச நேரம் பயந்துட்டோம்" என்றாள் அந்தப் பெண், பாவம் ஒளிக்கத் தெரியாமல்.

பேக்கேஜ் ஃபைலின் முதல் பக்கத்தில் பத்து வரி. ஒவ்வொன்றுக்கும் நேராக 'நார்மல்'. கொலனோஸ்கோபிக்கும் நார்மல். வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கினேன். எனக்கு சுகர். அந்த நிலைமையில் அதுவும் ஞாபகம் வரவில்லை.

ஹார்மோன் டாக்டர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கொலனோஸ்கோபி ரிப்போர்ட் எங்கே என்று புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "கல்லீரலுக்குக் கீழே குடல் திரும்புற வளைவு வரைக்கும்தான் போயிருக்காங்க. அசுத்தமா இருந்ததால மேற்கொண்டு போகலைன்னு எழுதியிருக்கு. பார்த்த வரைக்கும் நார்மல். இன்னும் ஒரு சாண் பாக்கிம்மா." பாக்கியிருக்கிற அந்த வலது பக்கத்துக் குடல் எங்கள் வியாதிக்காரர்களிடம் சும்மா விடுகிற இடமே இல்லையாம், அடினோமாக்களில் கணிசமானது அங்கேதான் உட்கார்ந்திருக்குமாம். அந்த ஒரு சாணுக்கும் சேர்த்துத்தான் முழு பில் கட்டியிருக்கிறேன்.

குடல் ஏன் சுத்தமாகவில்லை என்பதற்கும் காரணம் சொன்னார். கை கால் மாதிரியே குடலும் நீண்டிருக்கும், மடிப்பு மடிப்பாக நெளிந்திருக்கும், சாப்பிட்டது நகர்வதும் மெதுவாக. மற்றவர்களுக்குப் போதுகிற மருந்து எங்களுக்குப் போதாது. கேமராக் குழாய் ஒவ்வொரு நெளிவிலும் சுருண்டுகொள்ளும், கை பழகிய டாக்டராக இருந்தால்தான் கடைசி வரை கொண்டுபோவார். 'தைராய்டு' என்று டிக் அடித்த படிவத்தைப் பார்த்து எந்த டாக்டருக்கு இது தெரியப் போகிறது?

அன்றைக்குப் பயந்துபோய், "அப்போ எனக்குக் கேன்சர் வந்துடுமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த பேனர் சொல்வதற்கு இது நேர் எதிர். 1998இல் இங்கிலாந்தில் 1,362 அக்ரோமெகலிக்காரர்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தப் புற்றுநோய் ஊரில் மற்றவர்களுக்கு இருந்ததைவிடக் கூடுதலாக இல்லை. ஆனால் பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள் கூடுதல், அதிலும் ஹார்மோன் கட்டுப்படாமலே இருந்தவர்கள். பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, அடினோமா இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று வந்தது. அதிலும், எங்களை அடிக்கடி சோதிப்பதாலேயே அதிகம் அகப்படுகிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. "பயப்படறதுக்கு இல்லை, ஒழுங்கா பார்க்கறதுக்கு" என்றார்.

கூடவே ஈக்வடாரில் ஒரு மலைப்பக்கத்து ஜனங்களைப் பற்றியும் சொன்னார். என் வியாதியைத் தலைகீழாகத் திருப்பியது மாதிரி. அவர்கள் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் நிறைய இருக்கும், ஆனால் அதை வாங்கிக்கொள்கிற ஏற்பி வேலை செய்யாது. மூன்றரை, நாலடிதான் உயரம். லாரன் சிண்ட்ரோம் என்று பெயர். அவர்களில் 99 பேரை 22 வருஷம் கவனித்துவிட்டு 2011இல் எழுதினார்கள்: ஒரே ஒருவருக்குப் புற்று, அதுவும் உயிரைக் குடிக்காதது. சுகர் ஒருவருக்கும் இல்லை. அதே ஊரில், அதே குடும்பங்களில், சாதாரண உயரமுள்ள சொந்தக்காரர்களில் 17 சதவீதம் பேருக்குப் புற்று. கேட்டதிலிருந்து அந்த ஜனங்கள்மீது எனக்கு ஒரு சின்னப் பொறாமை. அவர்கள் வளையல் என்ன சைஸோ.

இனி இரண்டாவது இடம். இது திருச்சியில், ஹார்மோன் டாக்டர் சொல்லி அனுப்பியது. இரண்டு மாடி, கீழே மருந்துக்கடை, பேனர் கிடையாது. போன் செய்தபோது எடுத்த பெண் கேட்ட கேள்விகளை அப்படியே கடைச்சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அக்ரோமெகலியா, ஆபரேஷன் ஆச்சா, கடைசி ஐ.ஜி.எஃப்-1 எவ்வளவு? மலச்சிக்கல் உண்டா? குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? சுகருக்கு என்ன மாத்திரை? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை? (இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார், குடல் சுவரெல்லாம் கறுப்பாகிவிடுமாம்.) போனிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு ஒரு தாள் அனுப்பினார்கள். அது தமிழில் இருந்தது என்பதோடு, நாம் சாப்பிடுகிறதை வைத்து எழுதியிருந்தது. மூன்று நாளைக்குக் கீரை வேண்டாம், கொய்யா வேண்டாம், தக்காளி விதை, எள்ளு, தேங்காய்த் துருவல், கேழ்வரகு வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, தயிர், தோலில்லாத உருளைக்கிழங்கு சாப்பிடலாம். கடைசி நாள் இளநீர், பால் விடாத டீ, வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், ரசத்தின் தெளிவு மட்டும். பீட்ரூட், திராட்சை ஜூஸ் கூடாது, பார்க்கிறவருக்கு ரத்தம் போலத் தெரியும்.

பவுடர் இரண்டு பாக்கெட். ராத்திரி 2 லிட்டர், விடியற்காலை நாலு மணிக்கு 2 லிட்டர். இதைக் குடித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏற முடியாது என்பதால் மையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில் ரூம் போட்டோம். மருந்தின் ருசியைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன்: கடல் தண்ணீரில் யாரோ சாத்துக்குடித் தோலை ஊறப்போட்டது போல இருக்கும். முதல் மூன்று டம்ளர் வரை வீரமாக இருப்பீர்கள். நாலாவதில் வயிறு உப்பி, குமட்டும். என் வீட்டுக்காரர் கீழே டீக்கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கி வந்தார். நன்றாக ஜில்லென்று ஆக்கி, எலுமிச்சை பிழிந்து, ஸ்ட்ராவில் நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சினால் தாங்கும். எங்கள் நாக்கு பெரிசு, ருசி தெரிகிற இடமும் கொஞ்சம் ஜாஸ்திதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அவர் போனில் அலாரம் வைத்துக்கொண்டு ஊற்றிக் கொடுத்தார். கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்தில் எனக்கு அவர் இப்படிப் பரிமாறியது அன்றைக்குத்தான். பன்னிரண்டு தடவை போனேன். கடைசியில் இளநீர் நிறத்தில் தெளிவாக வந்தது. அப்படி வந்தால்தான் போன் செய்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் இன்னும் அரை லிட்டர் என்று சொல்லியிருந்தார்கள்.

மயக்க டாக்டர் முதலில் வந்து எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார், தாடையைப் பிடித்துப் பார்த்தார். "உங்க நாக்கும் தாடையும் மயக்கத்துல எங்களுக்கு வேலை வைக்கும். அதனால லேசாத்தான் கொடுப்பேன், மூச்சுக்குத் தனியா கவனிப்பேன்" என்றார். முதல் இடத்தில் நாக்கு விழுந்த கதையைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேனாவை ஒருமுறை நிறுத்திவிட்டுத்தான் எழுதினார்.

எனக்குக் காலையில் முதல் நேரம், அதிலும் இரண்டு ஆளுக்கான நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பாதி விழிப்பில் யாரோ வயிற்றை அழுத்துவதும், இடது பக்கம் திரும்பச் சொன்னதும், அப்புறம் மல்லாக்கப் படுக்கச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஐம்பது நிமிஷம் ஆனது என்று வெளியே இருந்தவர் கணக்கு.

ரிப்போர்ட்டில் எனக்குப் பிடித்தது அந்தப் படங்கள். பெருங்குடல் தொடங்குகிற முனையில், அதாவது குழாய் போய்ச் சேர வேண்டிய கடைசி இடத்தில், குடல்வால் திறக்கிற சின்ன வாய், அதன் போட்டோ. போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அத்தாட்சி. உள்ளே சுத்தத்துக்கு பாஸ்டன் அளவுகோல் என்று மூன்று பகுதிக்கும் மும்மூன்று, மொத்தம் ஒன்பதுக்கு மார்க் போடுவார்கள், எனக்கு எட்டு. பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க். குழாயை வெளியே எடுக்கும்போது எத்தனை நிமிஷம் நிதானமாகப் பார்த்தார்கள் என்பதையும் எழுதியிருந்தார்கள், பதினாலு நிமிஷம். குறைந்தது ஆறாவது இருக்க வேண்டுமாம். முதல் இடத்து ரிப்போர்ட்டில் படமும் இல்லை, மார்க்கும் இல்லை, நிமிஷமும் இல்லை.

ஏறு குடலில், முன்பு பார்க்காமல் விட்ட அதே ஒரு சாணில், 8 மில்லிமீட்டரில் ஒரு பாலிப். படத்தில் பார்த்தால் வளையலில் ஒட்டுகிற சம்க்கி அளவுக்கு, ரோஸ் நிறத்தில், பளபளவென்று. அங்கேயே கம்பி வளையம் மாட்டி அறுத்து எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி பத்து நாளில் வந்தது. அடினோமா, புற்று இல்லை. அந்த 'நார்மல்' பக்கத்தை நம்பி நான் அல்வாவோடு நின்றிருந்தால் அது இன்னும் அங்கேயே இருந்திருக்கும். பேக்கேஜில் எடுத்த ரத்த மார்க்கரும் அந்தப் பாலிப் உள்ளே இருக்கும்போதே நார்மல்தான் காட்டியது. அறிகுறி இல்லாதவருக்குப் புற்று இருக்கிறதா என்று தேட அந்த ரத்தப் பரிசோதனை உதவாது என்று திருச்சி டாக்டரே சொன்னார். அப்புறம் ஏன் எல்லா பேக்கேஜிலும் அதைச் சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்தார். எனக்கும் புரிந்தது, ஸ்டிக்கர் பொட்டை வளையலோடு சேர்த்து நான் விற்பதில்லையா.

தைராய்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குத் தொண்டைச் சுரப்பி வீங்குவதும் கட்டி விழுவதும் சகஜம். ஹார்மோன் டாக்டர் ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார், கையில் ஏதாவது தட்டுப்பட்டால்தான் ஸ்கேன். எனக்கு ஒன்று தட்டுப்பட்டது, ஸ்கேனில் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்க அவசியமில்லாத ரகம் என்று வந்தது. மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் மற்றப் பெண்களுக்கு என்னவோ அதேதான், கூடுதலாக ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். அவை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். ஊர் ஊராக அரசாங்கம் தேடிப் பார்ப்பது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும்தான், பெருங்குடல் அதில் இல்லை. ஆகவே எங்களைப் போன்றவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகும் என் ஐ.ஜி.எஃப்-1 முழுசாக இறங்கவில்லை, 28 நாளுக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி போகிறது. அடினோமா கிடைத்தவர்களுக்கும், அளவு இறங்காதவர்களுக்கும் மூன்று வருஷத்துக்கொரு முறை கொலனோஸ்கோபி. இரண்டும் இல்லாதவர்களுக்கு ஐந்திலிருந்து பத்து வருஷம் போதும் என்கிறார்கள். எனக்கு அடுத்தது 2027 பிப்ரவரி. கடைக் காலண்டர் அவ்வளவு தூரம் போகாது என்பதால் வளையல் ஸ்டாக் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

செலவு: பரிசோதனை ரூ.9,800, மயக்க டாக்டருக்கு ரூ.2,500, பாலிப் எடுத்ததற்கும் பயாப்ஸிக்கும் சேர்த்து ரூ.4,200. லாட்ஜ், ஐஸ் தனி. காம்போவைவிட அதிகம்தான்.

குறையும் இருக்கிறது. காத்திருக்கும் இடத்தில் நாலு பேருக்கு ஒரே கழிவறை. அங்கே வருகிறவர்கள் அத்தனை பேரும் எதைக் குடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தெரிந்தும் இப்படி. புடவை, கைப்பை மாட்ட ஒரு ஆணி கிடையாது. தாழ்ப்பாள் பாதிதான் விழுகிறது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டியிருந்தது. பில் கவுன்டரில் சில்லறை இல்லை என்று அரை மணி நேரம், அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வயிற்றில் இல்லாத எனக்கு.

முதல் இடத்துக்கு ஐந்துக்கு ஒன்று. அது என் தடித்த கையில் ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடித்த அந்த நர்ஸ் பெண்ணுக்கு, போன வாரம்கூட ரெண்டு நாலில் ஒரு டஜன் பச்சை வாங்கிப் போனாள். திருச்சிக்கு நாலு. குறைத்த ஒன்று தாழ்ப்பாளுக்கு.